நாற்காலியை விட்டுக்கொடுத்தவர்: சித்தார்த்த பாசுவின் தொலைக்காட்சி வாழ்க்கை, ஒரு நிகழ்வு ஆய்வு

2000ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் தேதி இரவு 9 மணிக்கு ஸ்டார் ப்ளஸில் ‘கௌன் பனேகா கரோர்பதி’ தொடங்கியது. அந்த நிகழ்ச்சியைத் தயாரித்தவர், அதற்கு முந்தைய 15 ஆண்டுகளாகக் கேமரா முன்னால் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர். இந்தியத் தொலைக்காட்சியில் க்விஸ் மாஸ்டர் என்றதும் பலர் மனதில் வந்த முகம் அவருடையதுதான். ஆனால் அன்றைக்குக் கேள்வி கேட்கும் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் அமிதாப் பச்சன். சித்தார்த்த பாசு திரைக்குப் பின்னால் இருந்தார்.

இந்த ஒரு முடிவிலிருந்துதான் அவருடைய தொழில் வாழ்க்கையைப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தொகுப்பாளராக இருந்து தயாரிப்பாளர் ஆனவர்கள் நிறைய பேர் உண்டு. ஆனால் தன் கைக்கு நன்றாகப் பழகிய கருவியையே இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கருவி சரியாக வேலை செய்யப் பின்னாலிருந்து பாடுபட்டவர்கள் குறைவு. அந்தக் கருவி, கேள்வி. அது அவர் கையில் எப்படி எல்லாம் மாறியது, எங்கே அவரை மீறிப் போனது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

தூர்தர்ஷன் தந்த முகம்

1985இல் தூர்தர்ஷனில் ‘க்விஸ் டைம்’ வந்தது. கல்லூரி அணிகளுக்கு இடையிலான ஆங்கில வினாடி வினா. அப்போது நாடு முழுக்க ஒரே ஒளிபரப்பு. வண்ணத் தொலைக்காட்சி வந்து 3 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில் பெட்டி இருக்கும். இந்தி தெரியாத தமிழ்க் குடும்பங்களுக்கு, தேசிய ஒளிபரப்பில் ஓரளவு பின்தொடர முடிந்த சில நிகழ்ச்சிகளில் இதுவும் ஒன்று. விடை தெரிகிறதோ இல்லையோ, கேள்வியாவது புரிந்தது.

நான் வளர்ந்த ஊரில் பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தது நினைவிருக்கிறது. மேடையில் இருந்த பையன்களின் ஆங்கிலமும் அவர்கள் கல்லூரிகளின் பெயர்களும் எங்களுக்கு வெகு தூரம். ஆனால் கேள்வி கேட்டவர் அலட்டிக்கொள்ளவில்லை. மெதுவாக, தெளிவாக, ஒரு ஆசிரியர் மாதிரி கேட்டார். தவறான விடை சொன்னவரை அவர் சிறுமைப்படுத்தி நான் பார்த்ததில்லை. அப்புறம் கல்லூரியில் நானும் வினாடி வினா நடத்தத் தொடங்கியபோது, அந்தக் குரலைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

இந்தியாவில் பொது வினாடி வினாவின் தொடக்கம் கல்கத்தா. 1967இல் நீல் ஓ’பிரையன் அங்கே நடத்திய போட்டிதான் முதலாவது என்று சொல்வார்கள். அது மன்றங்களிலும் பள்ளி அரங்குகளிலும் நடந்த ஆங்கிலம் படித்தவர்களின் பொழுதுபோக்கு. அதை வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்த வேலையில் பாசுவின் பங்கு பெரியது. ஆனாலும் ‘க்விஸ் டைம்’ அந்த மன்றத்தின் கதவை முழுதாகத் திறக்கவில்லை. யார் விளையாடலாம் என்பதைக் கல்லூரியும் மொழியும்தான் முடிவு செய்தன. வேடிக்கை பார்க்க மட்டும் எல்லோருக்கும் இடம் இருந்தது.

1988இல் அவர் ‘சினர்ஜி கம்யூனிகேஷன்ஸ்’ என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். முகமாக இருந்தவர் முதலாளியும் ஆனார். 1998இல் பிபிசி வேர்ல்டுக்காக ‘மாஸ்டர்மைண்ட் இந்தியா’ வந்தது. 2002 வரை நடந்தது, அவரே தொகுத்தார்.

மாஸ்டர்மைண்டின் அமைப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1972இல் பிரிட்டனில் தொடங்கிய நிகழ்ச்சி அது. அதை உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதியாக ஜெர்மானியர்களின் விசாரணையை அனுபவித்தவர். இருட்டு, ஒரு கறுப்பு நாற்காலி, மேலே ஒரு விளக்கு, நிற்காமல் வரும் கேள்விகள். அந்த விசாரணை அறையையே அவர் விளையாட்டாக மாற்றினார். அங்கே நேரம் கேள்வி கேட்பவருடையது. தெரியாவிட்டால் ‘பாஸ்’ சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். யோசிக்க, தயங்க, மனைவியை நினைத்துப் பார்க்க நேரமே கிடையாது. நாற்காலியில் இருப்பவர் யார், எங்கிருந்து வந்தார் என்பது அங்கே கேள்வியே இல்லை. அவருக்கு என்ன தெரியும் என்பது மட்டும்தான்.

ஜூலை 2000

‘ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்’ பிரிட்டனின் ஐடிவியில் 1998 செப்டம்பரில் தொடங்கியது. செலடார் நிறுவனத்தின் நிகழ்ச்சி. தொகுத்தவர் கிறிஸ் டாரன்ட். இதன் இந்திய உரிமையை ஸ்டார் வாங்கியபோது முதலில் பேசப்பட்ட பரிசு 1 லட்சம் என்றும், ஸ்டாரின் உரிமையாளர் ரூபர்ட் மர்டாக் தலையிட்ட பிறகுதான் அது 1 கோடி ஆனது என்றும் பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. தயாரிப்புப் பொறுப்பு பாசுவின் சினர்ஜிக்கு வந்தது.

அப்போது பச்சனின் நிலைமை நன்றாக இல்லை. அவருடைய ஏபிசிஎல் நிறுவனம் பெருங்கடனில் விழுந்திருந்தது, படங்களும் கைகொடுக்கவில்லை. சினிமா நட்சத்திரம் சின்னத்திரைக்கு வருவது இறக்கம் என்று எல்லோரும் நினைத்த காலம். அவரை லண்டனுக்கு அழைத்துப் போய் மூல நிகழ்ச்சியின் படப்பிடிப்பைக் காட்டினார்கள். மும்பை கோரேகாவ் திரைப்பட நகரில் அதே அரங்கம் எழுந்தது. அதே வட்டம், அதே ஒளி, அதே இசை. இந்த வகை உரிமத்தில் மூலத்தை மாற்ற அதிகம் இடமில்லை. மாற்ற முடிந்தது மனிதரையும் மொழியையும்தான்.

அங்கேதான் பாசுவின் கணிப்பு வேலை செய்தது என்பது என் கருத்து. அவர் தொகுத்திருந்தால் அது இன்னொரு நல்ல க்விஸ் ஆகியிருக்கும். ஆனால் மில்லியனர் வடிவத்தில் அறிவு பாதிதான். மாஸ்டர்மைண்டோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். இங்கே கேள்வியும் 4 விடைகளும் கண் முன்னால் இருக்கின்றன. முதல் சீசனில் கடிகாரம் கிடையாது. அதற்கு மேல், விடை சொல்லாமலே இதுவரை ஜெயித்த பணத்தோடு எழுந்து போகும் உரிமை போட்டியாளருக்கு உண்டு. ஆக ஒவ்வொரு முறையும் அவர் உண்மையில் எதிர்கொள்வது இரண்டு கேள்விகளை. திரையில் தெரிவது ஒன்று. ‘எனக்கு இது தெரியும் என்று நான் எவ்வளவு நம்புகிறேன்’ என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க க்விஸ் மாஸ்டர் போதாது. மகளின் கல்யாணச் செலவை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம், “நிச்சயமா? லாக் பண்ணிடலாமா?” என்று கேட்கும்போது அந்த வார்த்தைக்கு ஒரு கனம் வேண்டும். பச்சனின் குரலுக்கு அது இருந்தது. அதோடு, அவரே அந்த நேரத்தில் கடனிலிருந்து மீளப் போராடிக்கொண்டிருந்தார் என்பது பார்த்தவர்களுக்கும் தெரியும்.

பணம்தான் கூட்டத்தை இழுத்தது என்று சொல்பவர்களுக்கு அதே ஆண்டிலேயே பதில் கிடைத்தது. ஜீ டிவி ‘சவால் தஸ் குரோர் கா’ கொண்டுவந்தது. பரிசு 10 மடங்கு, 10 கோடி. அனுபம் கேர், மனிஷா கொய்ராலா என்று இரண்டு தொகுப்பாளர்கள். அது நிற்கவில்லை. கரோர்பதியோ ஸ்டார் ப்ளஸை முதலிடத்துக்குத் தூக்கியது. அதே ஜூலை 3 இரவில் தொடங்கிய ‘கியூங்கி சாஸ் பீ கபி பஹூ தீ’ தொடருக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் 9 மணிக்கு ஆட்களைப் பெட்டி முன்னால் உட்கார வைத்தது க்விஸ்.

அக்டோபர் 2000இல் ஹர்ஷவர்தன் நவாதே முதல் 1 கோடியை ஜெயித்தார். ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மும்பை இளைஞர். கடைசிக் கேள்வி, அரசியலமைப்பின்படி நாடாளுமன்ற நடவடிக்கைகளில் யார் பங்கேற்கலாம் என்பது. விடை, மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல். ஆட்சிப் பணிக்குப் படிக்கும் லட்சக்கணக்கான பிள்ளைகள் ராத்திரி கண்விழித்து மனப்பாடம் செய்யும் செய்தி அது. பொது அறிவுப் புத்தகம் படிப்பவனைப் பார்த்து ‘இதனால் என்ன பிரயோஜனம்’ என்று கேட்ட வீடுகளில் அந்த இரவுக்குப் பிறகு அந்தக் கேள்வி கொஞ்ச நாள் எழவில்லை. எங்கள் வீட்டிலும்தான்.

கேள்வி எழுதும் அறை

யாரும் அதிகம் பேசாத பகுதி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

4 விடை கொண்ட கேள்வியில் கேள்வியை எழுதுவது எளிது. தவறான 3 விடைகளை எழுதுவதுதான் கஷ்டம். அந்த மூன்றும் சரியாக இருக்கலாமோ என்று தோன்ற வேண்டும். ஆனால் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் தவறாகவே இருக்க வேண்டும். ஒன்றில் லேசான சந்தேகம் இருந்தாலும் நாளைக்கு வழக்கு வரும். ஒரு உதாரணம்: இந்தியாவின் தேசிய விளையாட்டு எது? பள்ளிப் புத்தகம் படித்த எவரும் ஹாக்கி என்பார்கள். ஆனால் எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று 2012இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விளையாட்டு அமைச்சகமே பதில் தந்தது. கோடி ரூபாய் மேசையில் இருக்கும்போது இந்தக் கேள்வியை எழுதிவிட்டால் என்ன ஆகும்? எல்லோருக்கும் தெரியும் என்பதே ஒரு செய்தியைச் சரிபார்க்காமல் விட்டுவிடக் காரணமாகிவிடுகிறது. நானே ஒரு கல்லூரிப் போட்டியில் இதே கேள்வியைக் கேட்டு, ஹாக்கிக்கு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு மறுத்துப் பேசிய மாணவிதான் சரி.

படிநிலை என்பது இன்னொரு சிக்கல். முதல் கேள்விகள் யாரும் தவறவிட முடியாதவையாக இருக்க வேண்டும். 10க்கு மேல் போனவை, தெரிந்தவருக்கு மட்டும் தெரிபவையாக இருக்க வேண்டும். ஆனால் ‘எளிது’ என்பது யாருக்கு எளிது? டெல்லியில் வளர்ந்தவருக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருப்பது தருமபுரியில் வளர்ந்தவருக்கு 12ஆவது கேள்வி. நெல் நாற்று பற்றிய கேள்விக்கு அது அப்படியே தலைகீழ். ஒரு நாடு முழுவதற்கும் ஒரே ஏணி செய்வது என்றால், யாருடைய அன்றாடம் பொது அறிவு, யாருடையது சிறப்பு அறிவு என்று தினமும் தீர்ப்பு எழுதுவதற்குச் சமம். கல்லூரி க்விஸ்ஸில் வளர்ந்த ஒரு குழு, தனக்கு எளிது என்று தோன்றியதையே எளிது என்று வைக்காமல் இருப்பதற்கு நிறைய ஒழுக்கம் வேண்டும். சினர்ஜியின் கேள்விகளில் சினிமாப் பாட்டும் சமையலறையும் கிரிக்கெட்டும் புராணமும் முதல் படிகளில் வந்ததை அந்த ஒழுக்கமாகத்தான் பார்க்கிறேன்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2005இல் பரிசு 2 கோடியாகி இரண்டாம் சீசன் வந்தது. பச்சனின் உடல்நலக் குறைவால் பாதியில் நின்றது. 2007இல் ஷாருக் கான் தொகுத்தார். இதற்கிடையில் சினர்ஜியில் அனில் அம்பானி குழுமம் பெரும்பங்கு வாங்க, பெயர் ‘பிக் சினர்ஜி’ ஆனது. 2008இல் சல்மான் கானை வைத்து ‘தஸ் கா தம்’. இந்தியர்களில் எத்தனை சதவீதம் பேர் இப்படிச் செய்கிறார்கள் என்று ஊகிக்கச் சொல்லும் விளையாட்டு. உலகத்தைப் பற்றிய கேள்வி நம்மைப் பற்றிய கேள்வியாகத் திரும்பத் தொடங்கிய இடம் அது.

2007 சீசனோடு ஒட்டிய ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். அதில் சேனலும் தொலைபேசி நிறுவனமும்தான் எதிர்த்தரப்பு, தயாரிப்பாளர் அல்ல. பார்வையாளர்கள் எஸ்எம்எஸ் மூலம் கலந்துகொண்ட போட்டியில் ஒரு செய்திக்கு 2.40 ரூபாய் வசூலானது. அந்த வசூலிலிருந்தே பரிசு தரப்படுகிறது, இலவசம் போலக் காட்டுகிறார்கள் என்று ஒரு நுகர்வோர் அமைப்பு புகார் செய்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் 1 கோடி தண்டத்தொகை விதித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி விஷயம் முடிந்தது. ஆனால் வீட்டிலிருந்து விடை அனுப்பும் லட்சக்கணக்கானவர்களின் ஆசையும் இந்த வணிகத்தின் ஒரு பகுதி என்பதை அந்த வழக்கு எல்லோர் முன்னாலும் வைத்தது.

பொய் பிடிக்கும் கருவி

2009 ஜூலையில் ஸ்டார் ப்ளஸில் ‘சச் கா சாம்னா’ வந்தது. தயாரிப்பு பாசுவின் நிறுவனம், தொகுப்பு ராஜீவ் கண்டேல்வால். வெளிநாட்டில் ‘மொமென்ட் ஆஃப் ட்ரூத்’ என்ற பெயரில் ஓடிய வடிவம். 21 கேள்விகள், 1 கோடி பரிசு. எல்லாக் கேள்வியும் போட்டியாளரின் சொந்த வாழ்க்கையைப் பற்றியது. கணவன், மனைவி, பெற்றோர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். விடை உண்மையா பொய்யா என்பதைப் பாலிகிராஃப் கருவி தீர்மானிக்கும்.

இந்த அமைப்பை க்விஸ்ஸின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேள்விகளைப் போட்டியாளர் ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்; மேடைக்கு வருவதற்கு முன்பே பாலிகிராஃபில் உட்காரவைத்துக் கேட்டுவிடுகிறார்கள். மேடையில் கேட்பது அதே கேள்விகளில் சிலவற்றை. ஆக விடை அவருக்குத் தெரியும், தயாரிப்பாளருக்கும் கருவியின் முடிவு தெரியும். தெரியாதவர்கள் இரண்டே தரப்பு: எதிரே இருக்கும் குடும்பம், வீட்டில் இருக்கும் நாம். க்விஸ்ஸில் விடை தெரிந்தால் பரிசு. இங்கே விடையை மற்றவர்கள் முன்னால் சொன்னால் பரிசு. முதல் அத்தியாயத்திலேயே ஒரு மனைவியிடம், கணவருக்குத் தெரியாது என்றால் வேறொருவரோடு உறவு கொள்வீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றார். பொய் என்றது கருவி. அவர் அதுவரை ஜெயித்த பணமும் போனது, அந்த ‘இல்லை’யும் போனது.

மாநிலங்களவையில் இது எழுப்பப்பட்டது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனலுக்கு நோட்டீஸ் அனுப்பியது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனுக்கள் ஜூலை இறுதிக்குள் தள்ளுபடி ஆயின. பிடிக்காதவர்கள் பெட்டியை அணைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம்தான் நீதிமன்றம் நின்றது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மனவருத்தம் இல்லை. ஒழுக்கக் கேடு என்று எழுந்த கூச்சலோடும் எனக்கு உடன்பாடில்லை. என் மறுப்பு வேறு, அது தொழில் சார்ந்தது. 25 ஆண்டுகள் பாசு கட்டிக்காத்த விதி ஒன்றே ஒன்று: விடை சரியா தவறா என்பதை யார் வேண்டுமானாலும் வெளியே போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும். அட்டர்னி ஜெனரல் விடை அரசியலமைப்பில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். அந்த மனைவியின் விடையை எங்கே போய்ப் பார்ப்பது? மூச்சும் வியர்வையும் நாடித்துடிப்பும் ஏறி இறங்குவதைப் பதிவு செய்யும் கருவி அது. பயத்தையும் பொய்யையும் பிரித்தறிய அதற்கு உறுதியான வழி இல்லை. அடுத்த ஆண்டே, 2010 மே 5ஆம் தேதி, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருவரின் சம்மதம் இல்லாமல் பாலிகிராஃப் செய்வது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. சம்மதத்தோடு செய்தாலும் அந்த முடிவை மட்டும் வைத்துச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றது. ஒரு கொலை வழக்கில் போதாத ஆதாரம், ஒரு குடும்பத்தைக் கலைக்கப் போதுமானதாக இருந்தது. ஹாக்கி கேள்வியை இரண்டு முறை சரிபார்க்கும் அறையிலிருந்து இந்த நிகழ்ச்சி வந்தது என்பதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

போட்டியாளர்கள் விரும்பித்தான் வந்தார்கள், கையெழுத்துப் போட்டுத்தான் உட்கார்ந்தார்கள். உண்மைதான். எதிரே உட்கார்ந்திருந்த கணவர் எந்தக் கேள்விக்குச் சம்மதித்தார்?

மோதிஹாரியிலிருந்து ஒருவர்

2010 அக்டோபரில் கரோர்பதி சோனிக்கு மாறியது, பச்சன் திரும்பி வந்தார். நிகழ்ச்சியின் முகமே வேறாக இருந்தது. சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் அதிகம். அவர்கள் வீடு, தெரு, வேலை எல்லாம் சிறு படமாக முதலில் வரும், பிறகுதான் கேள்வி. அந்த சீசனில் ஜார்கண்டைச் சேர்ந்த ரஹத் தஸ்லிம் 1 கோடி ஜெயித்த முதல் பெண் ஆனார். 2011இல் பீகார் மோதிஹாரியின் சுஷில் குமார் 5 கோடி ஜெயித்தார். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கணினி இயக்குநர். மாதச் சம்பளம் 6,000 ரூபாய் அளவில்.

‘சச் கா சாம்னா’வில் தவறாகப் போன ஒன்று இங்கே சரியாக அமைந்தது என்று தோன்றுகிறது. இரண்டிலும் சொந்த வாழ்க்கை மேடைக்கு வருகிறது. ஆனால் இங்கே வாழ்க்கை கேள்வியாக வரவில்லை, கேள்விக்கு முன்னால் அறிமுகமாக வந்தது. தன்னைப் பற்றி எதைச் சொல்வது, எதை விடுவது என்பது போட்டியாளர் கையில் இருந்தது. அதன் பிறகு அவர் ஜெயிப்பதோ தோற்பதோ, வெளியே சரிபார்க்கக்கூடிய ஒரு விடையால்தான்.

இழப்பும் இல்லாமல் இல்லை. சில இரவுகளில் கதை நீண்டு, கேள்வி ஓரத்துக்குப் போனது. வறுமையைச் சொன்னால்தான் இடம் கிடைக்கும் என்ற எண்ணம் பரவினால் அது யாருக்கும் நல்லதல்ல. சுஷில் குமாரே 2020இல், ஜெயித்த பிறகு வந்த ஆண்டுகள்தான் தன் வாழ்க்கையின் மோசமான காலம் என்று வெளிப்படையாக எழுதினார். ஏமாந்தது, பணம் கரைந்தது, குடிப்பழக்கம், உறவுகள் கெட்டது எல்லாவற்றையும். 5 கோடியைக் கொடுத்து அனுப்பும் ஒரு நிகழ்ச்சி, அந்தப் பணத்தோடு எப்படி வாழ்வது என்று சொல்லித்தர ஒருவரையும் கூடவே அனுப்ப வேண்டும். இது தயாரிப்பாளரின் பொறுப்பு என்றே நினைக்கிறேன்.

இதே காலத்தில் பிக் சினர்ஜி இந்த வடிவத்தை மற்ற மொழிகளுக்கும் கொண்டுபோனது. வங்காளத்தில் சௌரவ் கங்குலி, மலையாளத்தில் சுரேஷ் கோபி, கன்னடத்தில் புனீத் ராஜ்குமார், தெலுங்கில் நாகார்ஜுனா. தமிழில் 2012இல் விஜய் டிவியில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’, சூர்யா தொகுத்தார். பிறகு பிரகாஷ்ராஜ், அதன்பின் அரவிந்த்சாமி. ஒருவர் கூட க்விஸ் மாஸ்டர் இல்லை என்பதைக் கவனியுங்கள். 2000இல் எடுத்த முடிவுதான் ஒவ்வொரு மொழியிலும் திரும்ப எடுக்கப்பட்டது. நமக்கு இந்த விளையாட்டு புதிதும் அல்ல; சன் டிவியில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்தியதை மறக்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சூர்யாவின் மேடையில் சங்க இலக்கியமும் இளையராஜா பாட்டும் தமிழிலேயே கேள்வியாக வந்தபோது, அன்றைக்குத் திண்ணையிலிருந்து பார்த்த எனக்கு ஒரு பழைய கணக்கு தீர்ந்த மாதிரி இருந்தது. கேள்வி மட்டுமில்லை, விடையும் எங்கள் கைக்கு எட்டியது.

2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டுமான ‘கோடீஸ்வரி’ தொடங்கியது, தொகுத்தவர் ராதிகா. அது பாசுவின் தயாரிப்பு அல்ல. ஆனால் நாற்காலி அதே நாற்காலிதான். 2020 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த ஒரு பெண் அதில் உட்கார்ந்தார். அவருக்குக் காது கேட்காது, பேசவும் இயலாது. ராதிகாவின் குரலில் எவ்வளவு கனம் இருந்தாலும் அது அவரை எட்டப் போவதில்லை. திரையில் எழுத்தாக வந்த கேள்வியைப் படித்தார், 4 விடைகளையும் படித்தார், யோசித்தார். கடைசிக் கேள்வி வரை போய் 1 கோடி ஜெயித்தார்.